பில்லின் அடியில் மூன்று எழுத்து

2006 மே மாதம் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு முழுத் தாளில் கணக்குப் போட்டு என் மருமகள் மாரிசெல்வியிடம் கொடுத்தேன். அவளும் என் பேத்தி ஓவியாவும் மாலத்தீவுக்குப் போய் என் மகன் புகழேந்தியோடு குடியிருப்பது நடவாத காரியம் என்று காட்டுவதற்காகப் போட்ட கணக்கு அது. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. பலமுறை சரிபார்த்துவிட்டேன், கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் கணக்கு தப்பு. எப்படித் தப்பாகிப் போனது என்பதைத் தேதிவாரியாக எழுதி வைக்கிறேன். தப்பான கணக்கைக் கிழித்துப் போடுவது என் வழக்கம் இல்லை.

புகழேந்தி சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டியவன். மாலேயில் உள்ள ஓர் அச்சகம் இங்கிருந்து ஒரு பழைய இரண்டு கலர் மெஷினை விலைக்கு வாங்கியபோது, அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் சேர்த்துக் கேட்டது. 2005 பிப்ரவரியில் மெஷினோடு அவனும் போனான். சம்பளம் மாதம் நானூற்று ஐம்பது டாலர். நாலு பேரோடு ஓர் அறை, சாப்பாடு அச்சகத்தின் பொறுப்பு. ஒப்பந்தம் நாலு வருடம், வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை. ஓவியாவுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. மறு வருடம் அவள் சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி ‘அப்பா’ என்று சொல்லப் பழகியிருந்தாள். விடுமுறையில் ஆள் நேரில் வந்தபோது போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மாரிசெல்வி போக வேண்டும் என்று பேச்சை எடுத்தாள்.

மாலே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் உள்ள தீவு. அதற்குள் லட்சம் பேர். மீனும் தேங்காயும் தவிர மற்றதெல்லாம் கப்பலிலும் தோணியிலும் வந்து இறங்க வேண்டும். புகழேந்தி போனில் சொன்ன விலைகளை வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன். அவன் சம்பளம் அந்த ஊர்க் காசுக்கு ஐயாயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டரை ருஃபியா. குடும்பம் தங்க ஒரே ஓர் அறை, சமையலறை இன்னொரு குடும்பத்தோடு பொது, வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. மிச்சத்தில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். தக்காளி கிலோ நம் காசுக்கு நூற்றிருபது ரூபாய். குடிக்கிற தண்ணீரும் காசு. மாதம் ஆயிரத்து நானூறு ருஃபியா துண்டு விழுந்தது.

அன்று மாரிசெல்வியின் அப்பா ஆண்டிச்சாமி விஸ்வநத்தத்திலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னையே வாசிக்கச் சொன்னார். சம்பளம், வாடகை, அரிசி, பால், கரண்டு, தண்ணீர் என்று கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

“அம்புட்டும் வாசிச்சீகளே சம்மந்தி, இதுல என் மவ எங்கன இருக்கா?”

சாப்பாட்டுச் செலவில் மூன்று பேர் என்று போட்டிருப்பதைக் காட்டினேன்.

“செலவுல இருக்கா, சரி. வரவுல காணோமே? ஏழு வருசமா மாசம் பொறந்தா சம்பளம் வாங்குதவ. கடலைத் தாண்டுனா கை முடங்கிப் போகுமாக்கும்?”

அடுக்களையில் என் மனைவி சிரித்தது கேட்டது.

மாரிசெல்வி எப்படிப்பட்ட கணக்குக்காரி என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆண்டிச்சாமியும் அவர் மனைவி அய்யம்மாளும் பட்டாசுக் கம்பெனியில் கூலி வேலை செய்தவர்கள். ஒரே மகள் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் விருதுநகரில் அய்யம்மாளின் அக்கா வீட்டில் விட்டார்கள். அங்கே பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தாள். அந்தப் பள்ளி மகமைப் பணத்தில் கட்டி நடத்தப்படுவது. மகமை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிளகாய் வத்தலோ துவரையோ எள்ளோ, மண்டியிலிருந்து போகிற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரி ஒரு சிறு காசைப் பொதுக் காரியத்துக்கென்று தனியே எடுத்து வைப்பார். பில்லிலேயே அதற்கு ஒரு வரி உண்டு. அப்படிச் சேர்ந்த காசில் எழுந்தவைதான் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பல.

பி.காம். முடித்ததும் 1999 ஜூன் முதல் தேதி விருதுநகரில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் வத்தல் மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தாள். 2001இல் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகும் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் சிவகாசியிலிருந்து போய் வந்தாள். கம்ப்யூட்டரில் டேலி வந்த பிறகும் குறிப்பேட்டைக் கையால் எழுதுவதை அவள் விடவில்லை. முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பேப்பர் ஸ்டோர் கணக்கு எழுதியவன் நான். ஒரு முறை அண்ணாச்சி கடையில் அவளுடைய ஏட்டைப் பார்த்தேன். பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி, ஒரு வரியும் கோணவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டைரியில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி என் தாளை முழுக்கப் படித்தாள்.

“நீங்க எழுதுனது சரிதான் மாமா. இந்தச் சம்பளத்துல முடியாது. அங்க தங்கதுக்குத் தொண்ணூறு நாள் குடுப்பாகளாம். அதுக்குள்ள எனக்கு வேலை கெடைக்கலைன்னா தொண்ணூறாம் நாள் பிள்ளையோட இங்கன வந்து நிப்பேன். நீங்க தேதியைக் குறிச்சுக்கிடுங்க.”

குறித்துக்கொண்டேன். ஜூன் 12, திங்கட்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். தொண்ணூறாம் நாள் செப்டம்பர் 9, சனிக்கிழமை. திரும்பி வரும் டிக்கெட்டும் அந்தத் தேதிக்கே போடப்பட்டது. வேலை கிடைத்தால் பிள்ளைக்கு அப்பா. கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டரை வருடம் போட்டோதான். விஷயம் அவ்வளவுதான்.

தனுஷ்கோடி அண்ணாச்சி, செப்டம்பர் வரைக்கும் அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். நாற்காலி இங்கே காத்துக்கொண்டிருந்தால் மனசும் இங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று சொன்னாளாம். நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல விட்டிருக்க மாட்டேன்.

பயோடேட்டா நாற்பது பிரதி சிவகாசியில் நல்ல தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். விமான நிலையம் ஒரு தனித் தீவு. அங்கிருந்து தோணியில் மாலேக்குப் போனார்கள். அவர்கள் எடுத்த அறையில் இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடம் இல்லை. சமையலறையைப் பகிர்ந்துகொண்டது கேரளத்து நர்ஸ் குடும்பம். மூன்றாம் நாளே மாரிசெல்வி வேலை தேட இறங்கினாள். நர்ஸம்மாவுக்கு இரவு டியூட்டி உள்ள வாரங்களில் பகலில் ஓவியாவை அவரிடம் விட்டுவிட்டுப் போவாள். மற்ற வாரங்களில் பிள்ளையும் கூடவே நடக்கும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டுக்கொண்டாள். இடம், பார்த்த ஆள், தேதி, சொன்ன பதில் என்று நாலு கட்டம். அந்த நோட்டைப் பிறகு என்னிடம் கொடுத்தாள். அதிலிருந்தும், வெள்ளிக்கிழமை தோறும் அவர்கள் பேசிய போனிலிருந்தும்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் ஓட்டல் தீவுகளின் தலைமை அலுவலகங்கள். ஓட்டல் கணக்குக்கென்று தனி சாப்ட்வேர் இருக்கிறது, அது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. ஒரு கட்டிடக் கம்பெனியில் தேர்வு வைத்தார்கள். எல்லாம் சரியாகச் செய்து, ஒன்றேகால் லட்சத்தை நம் வழக்கப்படி ஒன்றுக்குப் பின் ஒரு கமா, இருபத்தைந்துக்குப் பின் ஒரு கமா என்று போட்டுவிட்டாள். அங்கே மூன்று மூன்று இலக்கமாகத்தான் கமா போடுவார்கள். தேர்வு வைத்தவர் தாளைத் தூக்கிப் பார்த்து, கமா போடத் தெரியாதவர் கணக்கு எப்படிப் போடுவார் என்று கேட்டாராம். நோட்டில் அந்தக் கட்டத்தில் பதில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும், அதன் கீழே ‘கமா: மூன்று மூன்று’ என்றும் இருக்கிறது. புலம்பல் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு கடைகளில் துறைமுகத்துக்குப் போய் வர ஆண் ஆள்தான் வேண்டும் என்றார்கள். ஒரு பயண ஏஜென்சியில் நல்லபடியாகப் பேசிவிட்டு, நோன்பு முடிந்து வாருங்கள் என்றார்கள். நோன்பு அந்த வருடம் செப்டம்பர் கடைசியில்தான் ஆரம்பம். எழுபது நாளில் முப்பத்து நாலு இடம். ஊரைச் சுற்றி நடக்க ஒன்றேகால் மணி நேரம் போதும் என்பதால், ‘இல்லை’ என்று சொன்னவர்களையே தினமும் தெருவில் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களும் தெரிந்தவர்களைப் போலச் சிரித்து வணக்கம் வைப்பார்களாம். “வேலை தரலைன்னாலும் ஊருல எனக்குத் தெரிஞ்சவுக அதிகம் மாமா” என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்.

எழுபத்தோராம் நாள், ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. ஓவியாவுக்குச் சளி. ரசம் வைக்க வத்தல் வாங்குவதற்காகத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள மளிகைக் கடைக்குப் போனாள். கடை வாசலில் வாய் பிரித்து வைத்திருந்த சாக்கில் ஊதா மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ‘த’ என்று ஓர் எழுத்து. தனுஷ்கோடி அண்ணாச்சி மண்டியின் முத்திரை அது. ஏழு வருடம் தினமும் அவள் கண்ணில் பட்ட எழுத்து. எங்கிருந்து வந்த சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்டாள். பின் தெருவில் ஒரு கிடங்கைக் காட்டினார்.

கிடங்குக்கு மேலே அலுவலகம். முதலாளி பெயர் அப்துல்லா மனிக்கு, அறுபது வயதுக்கு மேல். இளவயதில் தன் தகப்பனாரின் தோணியில் பலமுறை தூத்துக்குடிக்கு வந்து போனவர். விருதுநகர் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, தமிழில் கேட்டார்: “ஏலே, என்ன வேணும்?”

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிக்கு ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் அப்படிப் பொம்பிளைகளைக் கூப்பிட மாட்டார்கள் என்றாள்.

“எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவன் துறைமுகத்துல மூட்டை தூக்குறவன். அவன் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டான்.”

“முதலாளியையுமா?”

“முதலாளி திரும்பி நின்னா.”

வேலை கேட்டாள். இல்லை என்றார். இருந்த கணக்காளர் ஜூனில் ஊருக்குப் போய்விட்டார், புது ஆள் அக்டோபரில் வருவதாக ஏற்பாடு. முப்பத்தைந்தாவது ‘இல்லை’. நோட்டை மூடியவள், துறைமுகத்துக்கு எதிர்க் கடையில் இருக்கிற வத்தல் மூட்டைக்கு மண்டியில் பில் போட்டது அநேகமாக நான்தான் என்று போகிற போக்கில் சொன்னாள். மனிக்கு அவளை உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து முன்னால் வைத்தார்.

தூத்துக்குடி ஏஜெண்டு மண்டியில் சரக்கு எடுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பிய பில்கள். ஒவ்வொரு பில்லிலும் சரக்கு விலை, சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, கடைசியில் ‘மேக்’ என்று மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும், அதற்கு எதிரே ஒரு சிறு தொகையும்.

“இது என்ன? ஒரு கணக்குப்பிள்ளை மேகசின்னு எழுதினான். நான் எந்த மேகசின் வாங்கினேன்? இன்னொருத்தன் மேனேஜர் காசுன்னு எழுதினான். ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘அது எப்பவும் உள்ளதுதான்’னு சொல்றான். எப்பவும் உள்ளதுன்னா? எப்பவும் திருடுறானா?”

தொகை பெரிதில்லை. ஆனால் பெயர் தெரியாத தொகை ஒரு ரூபாயாக இருந்தாலும் வியாபாரிக்கு உறுத்தும். இரண்டு வருடமாக அந்த வரியை மட்டும் கழித்துக்கொண்டே பணம் அனுப்பினார். ஏஜெண்டும் விளக்காமல் அடுத்த பில்லில் அதே மூன்று எழுத்தைத் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். இருவருக்கும் பேச்சு முறிகிற நிலை.

“மகமை” என்றாள் மாரிசெல்வி.

“அப்படின்னா?”

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் யாருக்கும் அர்த்தம் சொன்னது கிடையாது. எல்லாருக்கும் தெரியும் என்பதால் எவருக்கும் சொல்லத் தெரியாது. ஏஜெண்டின் பிழையும் அதுதான், திருட்டு இல்லை. அரசாங்க வரியா என்று மனிக்கு கேட்டார். இல்லை, அரசாங்கம் கேட்பதில்லை. தரகா? இல்லை, யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவர்கள் மார்க்கத்தில் தர்மமாகக் கொடுக்கும் ஸகாத் மாதிரியா?

“ஸகாத்து கையில நிக்க சொத்துல இருந்து, வருசத்துக்கு ஒருக்க குடுக்கதுதானே?”

“ஆமா.”

“இது லாபமா நட்டமான்னு தெரியதுக்கு முந்தியே குடுக்கது. மூட்டை வாசலைத் தாண்டும்போதே மூட்டைக்கு அம்பது காசு. ஊருக்கு.”

“ஊருக்குன்னா? யார் சாப்பிடுறா?”

“நான் சாப்பிட்டேன்” என்றாள் மாரிசெல்வி.

மனிக்கு கண்ணாடியைக் கழற்றினாராம்.

“ஆறாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் ஏழு வருசம். நான் உக்காந்த பெஞ்சு, தலைக்கு மேல கெடந்த கூரை, அம்புட்டும் இந்த அம்பது காசுதான். எங்கப்பா பட்டாசுக் கம்பெனிக் கூலி. மூட்டை வித்தவுகளுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. நீங்க கழிச்சீகளே, அது ஏஜெண்டு காசும் இல்ல, மண்டிக்காரர் காசும் இல்ல.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் வியாபாரி வியாபாரிதான். கதை நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்து வருமா என்றார். இரண்டு வருடத்து பில்லையும் எடுத்து, மூட்டைக்கு ஐம்பது காசு என்பது எல்லாவற்றிலும் சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கூலி உண்டு, வேலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் உட்கார்ந்து பார்த்தாள். நாற்பத்தொரு பில். நாற்பதில் மூட்டையும் மகமையும் கச்சிதமாகப் பொருந்தின. ஒன்றில் மட்டும் இடித்தது. பில்லில் முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை. அடியில் மகமை நூற்று அறுபது ரூபாய். நூற்று அறுபது என்றால் முந்நூற்று இருபது மூட்டை. மண்டியில் மற்ற எதில் கை தவறினாலும் மகமையைக் குறைத்தோ கூட்டியோ எழுத மாட்டார்கள், அது பொதுக் காசு. ஆகவே தப்பு மூட்டைக் கணக்கில்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே போய்க் கிடங்கு ஏட்டைப் பார்த்தாள். அந்த லோடில் இறங்கியது முந்நூற்று இருபது மூட்டை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஏஜெண்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் இருபதைப் பன்னிரண்டு என்று அடித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. எட்டு மூட்டை வத்தல், அன்றைய விலைக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல், மனிக்குவுக்கு இலவசமாக வந்திருந்தது.

ஆகஸ்ட் 23, புதன்கிழமை பிற்பகல், அவரிடம் போய்ச் சொன்னாள். “மேக் எல்லாம் சரியா இருக்கு. ஆனா எட்டு மூட்டைக்கு நீங்க காசு குடுக்கணும்.”

அவர் ஏட்டைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். இரண்டு நாள் கூலியை எண்ணி மேசையில் வைத்தார். “போ. சொல்லி அனுப்புறேன்.” அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் இதைக் கேட்ட என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. ஏட்டி, எட்டு மூட்டையை வேலை கெடச்ச பெறவு சொல்லக்கூடாதா என்று கேட்டாள்.

“பெறவு சொன்னா அது மறைச்சதாயிரும் அத்தை” என்றாள் மாரிசெல்வி. பிறகு ஓவியாவின் சளியைப் பற்றிப் பேசினாள்.

என்னைக் கேட்டிருந்தாலும் என் மனைவியின் பக்கம் நின்றிருக்க மாட்டேன். ஆனால் நாள் போய்க்கொண்டே இருந்தது. எண்பது, எண்பத்திரண்டு. அவள் நோட்டில் முப்பத்தாறு, முப்பத்தேழு என்று புதிய ‘இல்லை’கள். திருவனந்தபுரம் போய் அவர்களை அழைத்து வர எனக்கு பஸ்ஸில் இடம் பதிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை, விருதுநகர் போனேன். மாரிசெல்வியின் இடம் இன்னும் காலியா என்று தனுஷ்கோடி அண்ணாச்சியைக் கேட்கத்தான் போனேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவர் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க, வாங்க. உங்க மருமவளைப் பத்தி விசாரிச்சு முந்தா நாள் மாலேயில இருந்து போனு. யாரோ மனிக்காம். எடுத்ததும் என்னை ‘ஏலே’ங்கான்.”

மகமை என்பது உண்மையா, அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறதா என்று முதலில் கேட்டிருக்கிறார். அண்ணாச்சிக்கும் முதலில் விளங்கவில்லை, இதையெல்லாமா ஒருவர் கடல் கடந்து கேட்பார் என்று நினைத்தாராம். எட்டு மூட்டையும் உண்மை, ஏஜெண்டு அண்ணாச்சிக்கு முந்நூற்று இருபது மூட்டைக்குத்தான் பணம் கொடுத்திருந்தார், நஷ்டம் ஏஜெண்டின் தலையில் கிடந்தது. பிறகு மனிக்கு அவளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீக?” என்று கேட்டேன்.

“உள்ளதைச் சொன்னேன். ஏழு வருச ஏட்டுல அவ எழுத்துல அடிச்சுத் திருத்துன எடம் ஒண்ணே ஒண்ணு. அதுவும் நான் திருத்தச் சொல்லித் திருத்துனது. அவ எழுதுனதுதான் சரின்னு ஆடிட்டர் பெறவு சொன்னாரு. இப்ப அந்த எடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டுருக்கேன், ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் சந்தேகம் கேக்காக.”

காபி குடிக்காமல் விடவில்லை. அவள் இடம் காலியா என்று நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 6, புதன்கிழமை, எண்பத்தேழாம் நாள், காலை பதினொன்றே காலுக்கு மாரிசெல்வியிடமிருந்து போன் வந்தது. வெள்ளி அல்லாத நாளில் போன் என்றதும் என் மனைவி பயந்துவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. மாதம் முந்நூற்று ஐம்பது டாலர். அக்டோபரில் வருகிறவரைக் கிடங்குப் பொறுப்புக்கு மாற்றிக்கொள்வதாக மனிக்கு சொன்னார். எட்டு மூட்டைக்கு உண்டான பணத்தையும், இரண்டு வருடம் கழித்து வைத்திருந்த மகமையையும் சேர்த்துத் தூத்துக்குடிக்கு அனுப்புவதுதான் அவளுக்கு அவர் கொடுத்த முதல் வேலை. மறுநாளே அவளுடைய வேலை அனுமதிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டித் தங்கும் நாளையும் நீட்டிக்கொண்டார்கள்.

இதை நான் எழுதுவது 2009 டிசம்பரில். புகழேந்தியின் ஒப்பந்தத்தை அச்சகம் மறுபடி நீட்டியிருக்கிறது. மாரிசெல்விக்கு இப்போது ஐந்நூற்றிருபது டாலர், கீழே வேலை பார்க்க இரண்டு பேர். ஓவியா அங்கே முதல் வகுப்பு. போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது மாரிசெல்வி அந்த அலுவலகத்துப் பேரேட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்து எனக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்தாள். பக்கத்தின் தலைப்பில் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, ‘மகமை’ என்று முழுசாக. சுருக்கம் இல்லை, புள்ளி இல்லை. எனக்குத் தெரிந்து வேறொரு நாட்டு வியாபாரியின் பேரேட்டில் எங்கள் ஊர்ச் சொல் ஒன்று தலைப்பாக இருப்பது அங்கேதான். ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் மனிக்கு மாடியிலிருந்து, ஏலே, இந்தத் தடவை எத்தனை பிள்ளைக்குப் பெஞ்சு என்று கேட்கிறாராம். இவளும் மூட்டையை எண்ணிப் பதில் சொல்கிறாள்.

போன் வந்த அன்று மாலையே என் பழைய தாளை எடுத்தேன். எழுதியதில் எதையும் அடிக்கவில்லை. அடியில் வேறு மையில், வரவு: மாரிசெல்வி, 350 டாலர் என்று எழுதித் தேதி போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டிச்சாமி வந்தபோது அவர் கேட்காமலே அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

பஸ் டிக்கெட்டை ரத்து செய்ததில் முப்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். செப்டம்பர் 9, சனிக்கிழமை, டைரியில் அந்த முப்பது ரூபாயைச் செலவு எழுதினேன். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘மாரிசெல்வியும் ஓவியாவும் வரவில்லை.’